அடைப்பை ஏந்திய கவியும் தீவுக்குப் போன அமைச்சரும்

சிக்கதேவராஜ உடையார் மைசூர் அரசின் அரியணையில் அமர்ந்தது 1673இல். அதற்கு மறு ஆண்டு, கிழக்கே வெகு தொலைவில், கொரியாவின் ஜோசோன் அரசில் சுக்ஜோங் என்ற சிறுவன் முடிசூடினான். உடையார் 1704 வரை ஆண்டார். சுக்ஜோங் 1720 வரை. முப்பது ஆண்டுகள் இரு அரசவைகளும் ஒரே காலத்தில் நடந்தன. இவரைப் பற்றி அவருக்கோ, அவரைப் பற்றி இவருக்கோ எதுவும் தெரியாது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் இரண்டு இடங்களிலும் எழுதப்பட்டவற்றை அருகருகே வைத்துப் படித்தால், ஒரே கேள்விக்கு இரு நாடுகளும் விடை தேடிக்கொண்டிருந்தது தெரியும். அரண்மனையின் உள்கட்டில் இருக்கும் பெண்கள் எந்த மொழியில் படிப்பார்கள்? அவர்கள் எழுதத் தொடங்கினால் என்ன எழுதுவார்கள்?

கொரியா என்றதும் தமிழ் வாசகர்களுக்கு அயுத நாட்டு இளவரசி கடல் கடந்து போன கதை நினைவுக்கு வரும். ‘சம்குக் யுசா’ என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொகுப்பு சொல்லும் அந்தக் கதையை வைத்து இங்கே நிறையப் பேசியாயிற்று. உறவை நிறுவ எனக்கு அந்த இளவரசி வேண்டியதில்லை. உறவே இல்லாத இரண்டு இடங்களில் ஒரே வகையான தேவை எழுந்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

கொரியாவின் நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆட்சி, தேர்வு, வரலாறு, உயர்ந்த கவிதை எல்லாமே செவ்வியல் சீனத்தில்தான். அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்து, பேசும் கொரிய மொழியை அப்படியே எழுத வழி செய்தது. அறிஞர் சோ மல்லி 1444இலேயே அதை எதிர்த்து மன்றாட்டு எழுதினார். சீனத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லாதவர் செயல் என்பது அவர் கட்சி. ஹங்குல் அழியவில்லை, ஆனால் ஆண்களின் அலுவலகத்தில் அதற்கு இடமும் கிடைக்கவில்லை. அது பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. கடிதம், சமையல் குறிப்பு, பாட்டு, கதை என்று வீட்டுக்குள் வளர்ந்தது. பெண்களுக்கான அறநூல் ஒன்றை 1475இல் தொகுத்தவரும் ஒரு பெண்தான். அரசர் சொங்ஜோங்கின் தாயான சோஹ்யே அரசி சீன நூல்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து, கொரிய விளக்கத்தோடு, ‘நேஹூன்’ என்ற பெயரில் ஆக்கினார்.

மைசூரின் கதை வேறு. கன்னடம் அப்போதே எண்ணூறு ஆண்டு இலக்கியம் கண்ட மொழி. ‘கவிராஜமார்க்கம்’ ஒன்பதாம் நூற்றாண்டு நூல்; பம்பனும் ரன்னனும் அதற்கு அடுத்த நூற்றாண்டினர். ஆகவே கன்னடத்துக்கு எழுத்து இல்லை, மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தடை வேறு வடிவில் இருந்தது. சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த சம்பு காவியத்தைப் படிக்கப் பண்டிதனின் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பெண்களுக்கு அரிதாகவே வாய்த்தது. கொரியாவில் சுவராக நின்றது அயல்மொழி. மைசூரில் சுவராக நின்றது தாய்மொழியின் உயர்ந்த நடை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்றென்று சொல்வது சரியாகாது.

சிக்கதேவராஜர் ஆண்டது மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து. 1610இல் ராஜ உடையார் அதைக் கைப்பற்றியதிலிருந்து அதுதான் தலைநகர். சிக்கதேவராஜர் ஸ்ரீவைஷ்ணவத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்டவர். அவரைச் சுற்றி இருந்த புலவர்களில் முதன்மையானவர் திருமலார்யர். அரசரோடு சேர்ந்து படித்தவர், பின்னாளில் அவருடைய அமைச்சர். திருமலார்யரின் தம்பி சிங்கரார்யர் எழுதிய ‘மித்ரவிந்தா கோவிந்த’ இன்று நமக்குக் கிடைக்கும் கன்னட நாடகங்களில் மிகப் பழையது. ஹர்ஷரின் ‘ரத்னாவளி’யைத் தழுவியது. சிக்குபாத்யாயர் என்ற இன்னொரு அமைச்சர் ஏராளமாக எழுதிக் குவித்தார்.

இவர்கள் எதை எழுதினார்கள் என்று பார்த்தால் தமிழர்களுக்குச் சட்டென்று ஒரு நெருக்கம் தோன்றும். திம்மகவியின் ‘யாதவகிரி மாஹாத்ம்ய’ (1677) மேலுகோட்டையின் தலபுராணம். மல்லிகார்ஜுனர் ஸ்ரீரங்கத்தின் பெருமையைக் கன்னடத்தில் பாடினார். சிக்குபாத்யாயரின் ‘ஹஸ்திகிரி மாஹாத்ம்ய’ (1679) காஞ்சி வரதராஜரின் அத்திகிரியைப் பற்றியது. அவருடைய ‘திவ்யசூரி சரித்ரே’யோ பன்னிரு ஆழ்வார்களின் வரலாறு. இதே ஆண்டுகளில்தான் மைசூர்ப் படை கொங்கு நாட்டிலும் சேலத்துச் சீமையிலும் நடமாடிக்கொண்டிருந்தது. 1682இல் தளவாய் குமாரய்யாவின் தலைமையில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையையும் முற்றுகையிட்டது. நம் ஊர்களுக்கு மைசூரிலிருந்து படை வந்த காலத்தில், நம் ஆழ்வார்கள் இங்கிருந்து கன்னடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருமலார்யர் பிறந்த ஸ்ரீவைஷ்ணவ ஐயங்கார் சமூகத்தில் பலர் இன்றும் மைசூரு, மண்டியா பக்கங்களில் வீட்டுக்குள் ஒருவகைத் தமிழ் பேசுகிறார்கள். அரசவைக்குக் கன்னடம், சாத்திரத்துக்குச் சமஸ்கிருதம், வீட்டுக்கும் பிரபந்தத்துக்கும் தமிழ் என்று மூன்று மொழிகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இந்த இலக்கியம் அமைதியான காலத்தில் பிறக்கவில்லை. சிக்கதேவராஜரின் வரி ஏற்பாடுகளை எதிர்த்துக் குடியானவர்கள் கிளர்ந்தார்கள்; வீரசைவ ஜங்கமர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அந்தக் கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டதாகக் கர்னல் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட தம் மைசூர் வரலாற்றில் எழுதினார். அவர் சொன்ன அளவு உண்மைதானா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அரசரின் நண்பரும் அமைச்சருமான சமணர் விசாலாக்ஷ பண்டிதர் 1686இல் கொலையுண்டார் என்பதில் ஐயம் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர்தான் திருமலார்யர்.

சுக்ஜோங்கின் அவையிலும் இதே நிலைதான். அங்கே அறிஞர் கட்சிகள் ஒன்றை ஒன்று வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தன. 1680, 1689, 1694 என்று மூன்று முறை ஆட்சிப் பொறுப்பு முழுவதுமாகக் கைமாறியது. ஒவ்வொரு முறையும் ஒரு கட்சி தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டது. அதன் தலைவர்கள் நஞ்சு குடிக்க வைக்கப்பட்டார்கள். 1689இல் அப்படி மாண்டவர் சோங் சி-யோல். எண்பது வயதைக் கடந்த முதியவர்; அக்காலத்தின் தலைசிறந்த கன்பூசிய அறிஞர். சுக்ஜோங் தன் காதற்கிழத்தி ஜாங் பெற்ற மகனை வாரிசாக அறிவித்தபோது, அவசரம் வேண்டாம் என்று மன்றாட்டு அனுப்பினார். அதற்குக் கிடைத்த தண்டனை அது.

இனி மைசூரின் அந்தப்புரத்துக்குள் போவோம். சிக்கதேவராஜரின் பட்டத்தரசி தேவாஜம்மண்ணி எளந்தூரைச் சேர்ந்தவர். இன்றைய சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. அதே ஊர்ப் பெண் ஹொன்னம்மா. அரசிக்கு வெற்றிலைப் பை ஏந்துவது அவர் வேலை. அந்தப் பையின் பெயராலேயே ‘சஞ்சிய ஹொன்னம்மா’ என்று அவரைக் கன்னட இலக்கியம் அழைக்கிறது. நம் வழக்கில் சொன்னால் அடைப்பைக்காரி. அரண்மனை ஊழியத்தில் இது அரசிக்கு மிக அருகில் நிற்கும் வேலை. பேச்சு எல்லாம் காதில் விழும். புராணப் பிரசங்கம் நடந்தால் கேட்கலாம். பாட்டுக் கச்சேரியிலும் நிற்கலாம். ஆனால் அவையில் இருக்கை கிடையாது. திருமலார்யரின் தந்தை அளசிங்கரார்யரைத் தம் குரு என்று ஹொன்னம்மா வணங்குகிறார். கேட்டுக் கேட்டுக் கற்ற பெண்ணின் திறமையைக் குரு அறிந்து சொல்ல, அரசி நூல் எழுதப் பணித்தார்.

‘ஹதிபதெய தர்ம’ அப்படிப் பிறந்தது. கற்புடைய மனைவியின் கடமைகள் என்பது பொருள். ஒன்பது பகுதிகள். மாமனார், மாமியாரிடம் எப்படி நடப்பது, கணவன் முகம் பார்த்து எப்படி வாழ்வது, வீட்டை எப்படி நடத்துவது என்று எல்லாம் உண்டு. மனுவும் வருகிறார், சீதையும் சாவித்திரியும் வருகிறார்கள். இன்றைய பெண் ஒருத்தி இதைப் படித்தால் பல இடங்களில் மனம் கசக்கும், கசக்கத்தான் வேண்டும். ஆனால் அறிவுரைகளுக்கு நடுவே திடீரென்று வேறொரு குரல் எழுகிறது. பெற்றவள் பெண், பேணி வளர்த்தவள் பெண், அப்படியிருக்கப் பெண் என்றால் ஏன் இழிவு என்று ஹொன்னம்மா கேட்கிறார். பெண்ணை ஏளனம் செய்பவர்களைக் கண்ணில்லாதவர்கள் என்றே சொல்கிறார். கன்னடம் படித்தவர்களில் பலருக்கு நூலின் மற்றப் பகுதி மறந்திருக்கலாம். இந்தக் கேள்வி மறக்காது.

இந்த இடத்தை இருவிதமாகப் படிக்கிறார்கள். அரச கட்டளைக்காக எழுதிய சம்பிரதாய நூலில் தப்பித் தவறி வந்த சில வரிகள் என்பார் ஒரு சாரார். அறநூல் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் சொல்ல வந்ததே இதுதான் என்பார் இன்னொரு சாரார். எனக்கு இரண்டும் முழுச் சரியாகத் தோன்றவில்லை. அறநூல் பெண்ணுக்குக் கடமை மேல் கடமையாக அடுக்குகிறது. இவ்வளவையும் சுமப்பவளுக்கு மதிப்பு என்ன என்ற கணக்கு, அதைத் தானே எழுதும் பெண்ணின் மனத்தில் எழாமல் இருக்காது. கடமையைச் சொன்ன அதே வாயால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஜோசோனுக்குத் திரும்பினால் போதும். நஞ்சு குடித்து மாண்ட அந்தச் சோங் சி-யோல், தம் மூத்த மகள் திருமணமாகிப் போகும்போது அவளுக்காக ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். ‘கியேன்யோசோ’ என்று அதற்குப் பெயர். பெற்றோரை, கணவனை, மாமனார் மாமியாரைப் பேணுவது, வேலையாட்களை நடத்துவது, விருந்தினரை வரவேற்பது எல்லாம் அதில் உண்டு. வாழ்நாளெல்லாம் சீனத்தில் எழுதிய மனிதர் இதை ஹங்குலில் எழுதினார். மகள் படிக்க வேண்டுமே! ஹொன்னம்மாவின் நூலும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை, ஒரே பொருளவை. ஆனால் அங்கே தந்தை சொல்கிறார், மகள் கேட்கிறாள். இங்கே சொல்பவளே பெண். தந்தையின் நூலில் ஹொன்னம்மாவின் கேள்விக்கு இடம் இல்லை.

கொரியப் பெண்களும் அதோடு நின்றுவிடவில்லை. தந்தை சொன்ன அறிவுரையை எடுத்துத் தங்கள் பாட்டு ஆக்கிக்கொண்டார்கள். ‘காசா’ என்பது நான்கு நான்கு அசைகளாக நீண்டு செல்லும் கொரியப் பாவகை. எத்தனை அடி வேண்டுமானாலும் போகலாம், வாய்விட்டு இசைத்தபடி படிக்கலாம். தென்கிழக்கே கியோங்சாங் பகுதிக் குடும்பங்களில் தாய் மகளுக்கு அறிவுரைப் பாட்டை நீண்ட தாள்சுருளில் எழுதிக் கொடுத்து அனுப்புவாள். மகள் அதைப் படியெடுத்துத் தன் மகளுக்குக் கொடுப்பாள். நாளடைவில் அந்தப் பாட்டுகளில் பிறந்தகத்தை நினைத்து அழும் புலம்பலும், வசந்தத்தில் மலையில் கூடிப் பூ அப்பம் சுட்டுத் தின்ற மகிழ்ச்சியும் சேர்ந்துகொண்டன. இந்த உள்ளறைப் பாட்டுகளை 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

ஹொன்னம்மா எடுத்துக்கொண்ட பாவகை சாங்கத்யம். இதுவும் இசைத்துப் பாடுவது. நான்கு வரிச் செய்யுள், நாட்டார் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் எளிய நடை. சமணக் கவி ரத்னாகரவர்ணி 1557இல் ‘பரதேச வைபவ’த்தை இதில்தான் பாடினார். சம்புவைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் வேண்டும். சாங்கத்யத்துக்குக் காது இருந்தால் போதும். அந்தப்புரத்தில் ஒருத்தி பாட, பத்துப் பேர் வேலை செய்தபடியே கேட்கலாம். அதே அவையைச் சேர்ந்த சிருங்காரம்மா என்ற பெண்கவியும் ‘பத்மினி கல்யாண’த்தைச் சாங்கத்யத்தில்தான் பாடினார். காசா, சாங்கத்யம் என்ற இரண்டு பாவகைகளும் பெண்கள் கைக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தனியறையில் உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் வாய்ப்பு இல்லாதவர்களிடம் இலக்கியம் காது வழியாகத்தான் போய்ச் சேர முடியும்.

உரைநடைக் கதையில் ஜோசோன் முந்திக்கொண்டது. அதற்குக் காரணமான மனிதரின் வாழ்வைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிம் மன்-ஜுங் பிறந்தது 1637இல். மஞ்சுப் படையெடுப்பில் கங்ஹ்வா தீவு வீழ்ந்த ஆண்டு. தந்தை அந்தத் தீவில் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறைசூலியாக இருந்த தாய் யுன் தப்பி ஓடும்போது படகிலேயே பிறந்ததால், பிள்ளைக்குப் படகில் பிறந்தவன் என்றே செல்லப் பெயர். இரு மகன்களுக்கும் தாயே ஆசிரியை ஆனார். மூத்தவரின் மகள் சுக்ஜோங்கின் முதல் அரசியாகும் அளவுக்குக் குடும்பம் உயர்ந்தது. மன்-ஜுங்கும் அமைச்சர் ஆனார். அரசவையின் இலக்கியப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார்.

1687இல் வடக்கே சோன்சோனுக்கு நாடுகடத்தப்பட்டார். மறு ஆண்டு மீண்டு வந்தார். 1689இல் தென்கோடித் தீவான நம்ஹேவுக்கு மறுபடியும் அனுப்பப்பட்டார்; 1692இல் அங்கேயே இறந்தார். இடையில் தாய் காலமான செய்தி தீவுக்கு வந்தது. இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை. மகனைப் பிரிந்து தவிக்கும் தாய் படித்து ஆறுதல் அடையட்டும் என்றுதான் ‘குவுன்மோங்’ கதையை எழுதினார் என்று குடும்ப மரபு சொல்கிறது. இளம் பௌத்தத் துறவி சோங்ஜின் எட்டுப் பெண்களைப் பாலத்தில் சந்திக்கிறான், மனம் அலைகிறது. அதற்குத் தண்டனையாக மறுபிறவி எடுத்து, படிப்பு, போர், பதவி, அந்த எட்டுப் பேரோடும் வாழ்வு என்று எல்லா இன்பமும் துய்க்கிறான். கடைசியில் கண் விழித்தால் தன் பழைய துறவியறையிலேயே இருக்கிறான். கன்பூசியம் கோலோச்சிய நாட்டில் ஒரு முன்னாள் அமைச்சர் பௌத்தத்தின் நிலையாமையைக் கதையாக்கினார். பதவி பறிபோனவர் எழுதியது என்று தெரிந்து படிக்கும்போது அந்தக் கனவின் கனம் கூடுகிறது.

அவருடைய இன்னொரு கதை ‘சாஸி நம்ஜோங்கி’. நற்குணம் கொண்ட மனைவியை இரண்டாமவளின் பொய்யைக் கேட்டுக் கணவன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். உண்மை வெளிப்பட்ட பிறகு மீண்டும் ஏற்கிறான். கதை நடப்பது சீனாவில். ஆனால் யாரைச் சொல்கிறது என்று ஜோசோனில் எல்லாருக்கும் புரிந்தது. சுக்ஜோங் 1689இல் அரசி இன்ஹ்யோனை விலக்கினார். மறு ஆண்டு ஜாங் அரசியானாள். 1694இல் இன்ஹ்யோன் மீண்டும் அரியணைக்கு வந்தார். 1701இல் அவர் இறந்ததும் ஜாங்குக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. கதையைக் கேட்டுத்தான் அரசர் மனம் மாறினார் என்றும் சொல்வதுண்டு. அது நம்பத் தகுந்ததா என்பதைவிட, வீட்டுப் பெண்களின் மொழியில் எழுதிய ஒரு கதை அரசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியும் என்று மக்கள் நம்பினார்கள் அல்லவா, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஹங்குலில் இருந்த இந்தக் கதையைப் பிறகு அவர் குடும்பத்து இளையவர் கிம் சுன்-தேக் சீனத்தில் மொழிபெயர்த்தார். மேலிருந்து கீழே வரும் மொழிபெயர்ப்பையே பார்த்துப் பழகிய நாட்டில், பெண்கள் படித்த கதை ஆண்களின் மொழிக்கு ஏறிப்போனது.

மன்-ஜுங் தம் குறிப்புகளில், சொந்தப் பேச்சை விட்டுப் பிறர் மொழியில் கவி எழுதுவது கிளி மனிதர் பேச்சைச் சொல்வது போன்றது என்று கருத்துரைத்தார். கவிஞர் சோங் சோல் கொரிய மொழியில் பாடிய காசாக்களை வானளாவப் புகழ்ந்தார். சிக்கதேவராஜர் அவையில் இப்படி ஒரு வாதம் எழுந்ததில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. அரசரின் பெயரில் வழங்கும் ‘சிக்கதேவராஜ பின்னப’மே மேலுகோட்டைச் செல்வநாராயணனிடம் செய்யும் முப்பது விண்ணப்பங்களாகக் கன்னட உரைநடையில் அமைந்தது. அரசரே எழுதினாரா, திருமலார்யர் எழுதினாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும், கடவுளிடம் பேச அரசருக்குத் தாய்மொழி போதும் என்று அந்த அவை ஏற்றுக்கொண்டிருந்தது.

அடுத்த தலைமுறையில் இரு நாட்டுப் பெண்களும் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஹன்யாங்கில், அதாவது இன்றைய சோலில், கதைகளை வாடகைக்கு விடும் கடைகள் வந்தன. பெண்கள் கொண்டை ஊசியையும் வளையலையும் விற்றுக் கதை வாங்கிப் படிக்கிறார்கள், வீட்டு வேலை கெடுகிறது என்று அமைச்சர் சே ஜே-கோங் வருந்தி எழுதினார். ஹொன்னம்மாவின் நாட்டிலோ அடைப்பைக்காரியின் பாவகையை அரசியே கையில் எடுத்தார். தொட்ட கிருஷ்ணராஜரின் (1714–1732) அரசி செலுவாம்பே சாங்கத்யத்தில் பாடிய ‘வரநந்தி கல்யாண’, மேலுகோட்டைச் செல்வராயன்மேல் காதல் கொண்ட டில்லி பாதுஷாவின் மகளைப் பற்றியது. திருவரங்கத்தில் ரொட்டியும் வெண்ணெயும் படைத்து வணங்கும் துலுக்க நாச்சியாரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் ஓர் இந்து அரசி தன் காவியத்துக்கு ஒரு முஸ்லிம் இளவரசியைத் தலைவியாக்கி, அவள் திருமணத்தைக் கொண்டாடிப் பாடினாள் என்பது மைசூர் வரலாற்றில் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி.

இந்த நூல்கள் எல்லாம் இன்று நம் கைக்கு எட்டுவதற்குப் பிற்கால மைசூரின் உழைப்பு காரணம். 1891இல் அங்கே தொடங்கிய ஓரியண்டல் நூலகம் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தது. 1905இல் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடிக்குள் சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தைக் கண்டதும் அங்கேதான். ஆர். நரசிம்மாசார் 1907, 1919, 1929 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘கர்நாடக கவிசரிதே’ கன்னடக் கவிஞர்களைக் கால வரிசையில் நிறுத்தியது. ஹொன்னம்மாவுக்கும் செலுவாம்பேக்கும் அதில் இடம் உண்டு. கொரிய இலக்கியத்தின் முதல் முழு வரலாற்றை ஆன் ஹ்வாக் வெளியிட்டது 1922இல், ஜப்பானிய ஆட்சிக்குள். இரண்டும் அயலார் அதிகாரத்தின் நிழலில் செய்யப்பட்ட வேலைகள்.

உரைநடையில் தன் வாழ்வைத் தானே எழுதிய அரசகுலப் பெண் ஜோசோனில்தான் தோன்றினாள். ஹ்யேக்யோங் சீமாட்டி, மாமனாரான அரசர் தன் கணவனை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துக் கொன்ற கதையை 1795க்கும் 1805க்கும் இடையே ஹங்குலில் எழுதினார். அதே ஆண்டுகளில், 1799இல், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. உடையார்களுக்கு அரியணை மீண்டும் கிடைப்பதற்காகப் பல ஆண்டுகள் இரகசியமாகத் தூது அனுப்பிக் காத்திருந்தவர் விதவை அரசி லக்ஷ்மம்மண்ணி. ஒருத்தி நடந்ததை எழுதினாள். இன்னொருத்தி நடக்க வேண்டியதற்குத் தூது விட்டாள். அந்த இரண்டு பெண்களையும் அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.